ஓய்வு பெற்ற ஸ்பானிய சைக்கிள் வீரருக்கு இணையத்தில் எவ்வளவு மவுசு? அளந்து பார்க்கும் முறை

மிகேல் இந்துரைன் 1997 ஜனவரியில் ஓய்வு பெற்றார். ஆல்பர்டோ கொன்டாடோர் 2017-இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தோடு நிறுத்திக்கொண்டார். அலெஹாந்த்ரோ வால்வெர்தே 2022 அக்டோபரில், இத்தாலியின் லொம்பார்தியா பந்தயத்தோடு விடைபெற்றார். இந்த மூவரில் இன்று இணையத்தில் யாருக்கு அதிக ஈர்ப்பு என்று கேட்டால், பெரும்பாலானோர் நேராக இன்ஸ்டாகிராமுக்குப் போய் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும். ஃபாலோயர் எண்ணிக்கை பழைய வாக்காளர் பட்டியல் மாதிரி: பெயர் இருக்கும், ஆள் ஊரில் இருக்கமாட்டார்.

ஓய்வு பெற்றவரின் மவுசில் இரண்டு பங்கு உண்டு. பந்தயமோ செய்தியோ இல்லாத நாளிலும் அவரைத் தேடி வருகிறவர்கள் ஒரு பங்கு. இதைத் தரைமட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் டூர் டி பிரான்ஸ் ஓடும்போதும், யாராவது அவருடைய சாதனையை நெருங்கும்போதும் எழுந்து வடிகிற அலை இன்னொரு பங்கு. தரைமட்டம் ஆளுக்குச் சொந்தம், அலையில் பாதி பந்தயத்துக்குச் சொந்தம். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கினால் அளந்ததற்கே அர்த்தம் இல்லை. கீழே உள்ள வேலை முழுக்க இரண்டையும் பிரித்தெடுப்பதுதான். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் இரண்டு மணி நேரமும் போதும். கூகுள் டிரெண்ட்ஸுக்கு மட்டும் ஐந்து வெவ்வேறு நாள்களும், யூடியூப் பகுதிக்கு ஒரு மாத இடைவெளியும் வேண்டும்.

முதலில் பெயரைச் சுத்தம் செய்யுங்கள்

பாதிப் பிழை இங்கேயே நடந்துவிடுகிறது. ஸ்பானியக் குடும்பப் பெயர்களில் பல அன்றாடச் சொற்கள். ‘கொன்டாடோர்’ என்றால் ஸ்பெயினில் மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர். லத்தீன் அமெரிக்காவில் கணக்காளர். குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் மெக்சிகோவில் கணக்காளர் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள். 2008 டூரை வென்ற கார்லோஸ் சாஸ்த்ரேயின் பெயருக்கு ‘தையல்காரர்’ என்று பொருள். 1988-இல் வென்ற பெத்ரோ டெல்காடோவின் பெயருக்கு ‘ஒல்லியானவர்’. ஹோவாக்கிம் ரோட்ரிகெஸின் பட்டப்பெயர் ‘புரீட்டோ’. சின்னச் சுருட்டு என்று அர்த்தம்.

சொல்லாக இல்லாவிட்டால் வேறு ஆளாக இருக்கும். ‘வால்வெர்தே’ என்று மட்டும் தேடினால் ரியல் மாட்ரிட்டின் உருகுவே வீரர் ஃபெதெரிகோ வால்வெர்தேயும், கால்பந்துப் பயிற்சியாளர் எர்னெஸ்டோ வால்வெர்தேயும் வந்து நிற்பார்கள். ‘ஃப்ரெய்ரே’ என்றால் மூன்று முறை உலகச் சாம்பியனான ஆஸ்கர் ஃப்ரெய்ரேயோடு பிரேசிலின் கல்வியாளர் பவுலோ ஃப்ரெய்ரேயும் சேர்ந்து வருவார். கால்பந்தோடு கலந்துவிட்ட எண்ணைப் பிறகு எந்த வடிகட்டியும் பிரித்துத் தராது.

இந்துரைன் விஷயத்தில் சிக்கல் வேறு. அவர் பெயரிலேயே ஒரு பந்தயம் இருக்கிறது: நவாரா பகுதியின் எஸ்தெயா நகரில் வசந்த காலத்தில் நடக்கும் ஒருநாள் ‘கிரான் பிரேமியோ மிகேல் இந்துரைன்’. முழுப் பெயரைப் போட்டாலும் அந்தப் பந்தயத்தின் முடிவைத் தேடியவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ அவருக்கு ஒரு கூர்முனை தெரிந்தால் இதுதான் முதல் சந்தேகம்.

ஆகவே ஒவ்வொரு வீரருக்கும் முழுப் பெயர், உச்சரிப்புக் குறியோடும் குறி இல்லாமலும் எழுதிய வடிவங்கள், பட்டப்பெயர், அவரோடு குழம்பக்கூடியவர்கள் ஆகியவற்றை ஒரு வரிசையில் எழுதிவையுங்கள். ரோட்ரிகெஸுக்குக் கட்டலான் வடிவமான ‘ஹோவாக்கிம்’, ஸ்பானிய வடிவமான ‘ஹோவாக்கின்’ இரண்டும் வேண்டும். பட்டப்பெயர் தேடுவதற்கு அல்ல. யூடியூப் தலைப்புகளில் அடையாளம் காண்பதற்கு மட்டும்.

தரைமட்டம்: விக்கிப்பீடியா பக்கப் பார்வைகள்

ஒரே ஒரு அளவு மட்டும் எடுக்க நேரம் இருந்தால் இதை எடுங்கள். இலவசம், நாள்வாரியானது. பெயர்க் குழப்பம் கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் ஒரு கட்டுரை ஒரு ஆளுக்குத்தான். விக்கிமீடியாவின் ‘பேஜ்வியூஸ் அனாலிசிஸ்’ கருவியைத் திறந்து, திட்டம் என்ற இடத்தில் ஸ்பானிய விக்கிப்பீடியாவைத் தேர்ந்து, வீரர்களின் கட்டுரைத் தலைப்புகளைச் சேருங்கள். தளம்: எல்லாம். முகவர் (பார்த்தது மனிதரா, தானியங்கி நிரலா என்ற வகை): ‘பயனர்’. தேதி வகை: நாள்வாரி. காலம்: குறைந்தது முழுதாக ஒரு ஆண்டு, மூன்று ஆண்டு என்றால் இன்னும் நல்லது. பிறகு சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தரவு 2015 ஜூலையில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய எண்களை எங்காவது பார்த்தால் அவை வேறு வரையறையில் எண்ணப்பட்டவை. இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டக்கூடாது. முகவர் வகையில் ‘தானியங்கி’ என்ற பிரிவு 2020-இல்தான் வந்தது. அதற்கு முன் அடையாளம் தெரியாத பாட்களின் (bot, தானியங்கி நிரல்) பார்வைகள் ‘பயனர்’ கணக்கிலேயே கிடக்கின்றன. அதனால் 2018-இன் எண்ணையும் 2023-இன் எண்ணையும் வைத்து ‘மவுசு குறைந்தது’ என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இறக்கியதும் நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரையுள்ள 92 நாள்களைத் தனியே எடுங்கள். மூன்று பெரிய சுற்றுப்பந்தயங்களும் (பிரான்சின் டூர், இத்தாலியின் ஜீரோ, ஸ்பெயினின் வுவெல்டா) முடிந்து, பெலோட்டோன், அதாவது பந்தய வீரர் கூட்டம், பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் காலம் அது. அந்த 92 எண்களுக்கு மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதுதான் தரைமட்டம். சராசரி எடுக்காதீர்கள். 91 நாள் 300 பேர் வந்து, ஒரே ஒரு நாள் 20,000 பேர் வந்தார்கள் என்று கற்பனையாக வைத்துக்கொண்டால், சராசரி 514-க்குப் போய்விடும். மீடியன் 300-லேயே நிற்கும். எது உண்மை என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் கெட்டுப்போகிற மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, கருவி ஒரு தலைப்புக்கு வந்த பார்வைகளை எண்ணுகிறது. வழிமாற்றுத் தலைப்புகளின் வழியே வந்தவை தனியே எண்ணப்படும். உச்சரிப்புக் குறி இல்லாமல் ‘இந்துரைன்’ என்று வந்தவர்கள் அப்படித்தான் விடுபட்டுப்போகிறார்கள். ‘ரீடைரக்ட் வியூஸ்’ என்ற துணைக் கருவி அவற்றைக் கூட்டித் தரும். இரண்டாவது, கட்டுரையின் தலைப்பு இடையில் மாற்றப்பட்டிருந்தால் வரைகோடு ஒரு நாளில் திடீரென்று பூஜ்யத்திலிருந்து எழும் அல்லது பூஜ்யத்துக்கு விழும். அது வீரரின் சரிவல்ல. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்துப் பழைய தலைப்பையும் சேர்த்துக் கூட்டுங்கள். மூன்றாவது, பாட் நிரல்கள். முனை சந்தேகமாக இருந்தால் கணினி, கைபேசி இரண்டையும் பிரித்துப் பாருங்கள். உண்மையான செய்தி வந்த நாளில் கைபேசிப் பார்வைதான் முதலில் துள்ளும். கணினி மட்டும் துள்ளி, கைபேசி அசையாமல் கிடந்தால் வந்தவர்கள் மனிதர்கள் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பானிய விக்கிப்பீடியா என்பது ஸ்பெயின் அல்ல. மெக்சிகோ, அர்ஜென்டினா, கொலம்பியா எல்லாம் அதே பக்கத்தைத்தான் படிக்கின்றன. கொலம்பியாவில் சைக்கிள் பந்தயத்துக்கு இருக்கும் வெறி தெரிந்ததுதான். கொலம்பிய வீரர் நைரோ கின்டானாவோடு மோவிஸ்டார் அணியில் பல ஆண்டு ஓடிய வால்வெர்தேயின் பார்வைகளில் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை இந்தக் கருவி பிரித்துக் காட்டாது. ‘ஸ்பெயினில் பிரபலம்’ என்று எழுத வேண்டுமானால் அடுத்த பகுதிக்குப் போங்கள். எல்லா மொழிகளையும் பார்க்க ‘லாங்வியூஸ்’ இருக்கிறது. அதில் மொத்தத்தைவிட, ஸ்பானிய மொழிக்கு வெளியே எத்தனை சதவீதம் என்பதுதான் பார்க்க வேண்டிய எண். உள்ளூர் நாயகனையும் உலகறிந்தவரையும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

அலை: எந்த நாளில், எதனால்

தரைமட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போன நாள்களை எல்லாம் நிறமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். சலிப்பூட்டும் வேலை. ஆனால் முழு ஆய்வின் மதிப்பும் இதில்தான் இருக்கிறது.

மாதக் கணக்கில் பார்க்காதீர்கள், பந்தயத் தேதியில் பாருங்கள். 2020-இல் டூர் ஆகஸ்ட் 29-இல் தொடங்கி செப்டம்பர் 20-இல் முடிந்தது. வுவெல்டா அக்டோபர் 20 முதல் நவம்பர் 8 வரை ஓடியது. ‘ஜூலை’ என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அந்த ஆண்டு முழுக்கத் தவறு. நவம்பரின் முதல் வாரமும் அந்த ஆண்டு தரைமட்டக் கணக்கில் சேராது. இன்னொரு வேடிக்கை: அதே 2020 ஜூலையில், டூர் இல்லாத மாதத்தில், கொன்டாடோர் ‘எவரெஸ்டிங்’ செய்தார். ஒரே மேட்டில் திரும்பத் திரும்ப ஏறி 8,848 மீட்டர் உயரத்தை எட்டும் முயற்சி. 7 மணி 27 நிமிடம் 20 வினாடியில் முடித்து அப்போதைய சாதனையை முறியடித்தார். அந்த முனை எந்தப் பந்தயத்துக்கும் சொந்தமில்லை, முழுக்க அவருடையது.

காரணங்களை நான்கு வகையாகப் பிரித்தால் போதும். பந்தயத்தால் தானாக வருவது முதல் வகை. டூரை வென்ற கடைசி ஸ்பானியர் கொன்டாடோர், 2009-இல். ஜீரோவை வென்ற கடைசி ஸ்பானியரும் அவரே, 2015-இல். வுவெல்டாவுக்கும் அவரே, 2014-இல். 2025 வரை மூன்றிலும் இந்த நிலை மாறவில்லை. ஆகவே மூன்று பந்தயங்களின்போதும் ‘கடைசியாக வென்ற ஸ்பானியர் யார்’ என்ற கேள்வி ஒரே ஆளிடம் போய் முடிகிறது. அவருடைய எண்களைப் பிறரோடு ஒப்பிடும்போது இந்த இலவச வரவை மறக்கக்கூடாது. உலகச் சாம்பியன்ஷிப்பில் அந்த இடம் வால்வெர்தேக்கு. 2018-இல் இன்ஸ்புருக்கில் வென்றவர். செப்டம்பர் கடைசி வாரத்தில் அவருக்கு ஏறும்.

இரண்டாவது வகை, தொலைக்காட்சியில் வருவது. டெல்காடோ ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகளாக வர்ணனை சொல்கிறார், கொன்டாடோர் யூரோஸ்போர்ட்டில். சாயங்காலம் வர்ணனையைக் கேட்கிற இளைஞன் ‘இவர் யார், என்ன ஜெயித்தார்’ என்று தேடுவதும் மவுசுதான். ஆனால் அது இன்றைய வேலைக்குக் கிடைத்த மவுசு. பந்தய நாள்களின் மீடியனைத் தரைமட்டத்தால் வகுத்துப் பாருங்கள். வர்ணனை செய்யாத வீரரின் விகிதத்தோடு வைத்துப் பார்த்தால் தொலைக்காட்சியின் பங்கு ஓரளவு பிடிபடும்.

மூன்றாவது வகை ஒப்பீடு. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து டூர்களை வென்றவர் இந்துரைன். புதிதாக ஒருவர் நான்காவது, ஐந்தாவது டூரை நெருங்கும் ஒவ்வொரு முறையும் அவர் பெயர் கிளம்பும். 1994-இல் போர்தோவில் அவர் ஓட்டிய 53.040 கிலோமீட்டர் ஒரு மணி நேரச் சாதனையும் அப்படியே; வேறு யாராவது அந்தச் சாதனைக்கு முயலும் நாளில் பழைய பட்டியலை எல்லோரும் புரட்டுவார்கள்.

நான்காவது வகை, கெட்ட செய்தியும் மரணமும். டூரை வென்ற முதல் ஸ்பானியர் ஃபெதெரிகோ பாஹாமொந்தெஸ் 2023 ஆகஸ்ட் 8-இல் 95 வயதில் காலமானார். அப்படிப்பட்ட முனை சில நாளில் வடிந்துவிடும். அந்த ஆண்டின் மொத்தப் பார்வையை வைத்து அவரை வேறொருவரோடு ஒப்பிட்டால் அபத்தமாக இருக்கும். ஊக்கமருந்துச் செய்தியும் இதே வகை. 2012 பிப்ரவரி 6-இல் விளையாட்டு நடுவர் மன்றம் கொன்டாடோருக்குத் தடை விதித்து 2010 டூர், 2011 ஜீரோ பட்டங்களைப் பறித்தது. அன்று தேடியவர்கள் எல்லோரும் ரசிகர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கவனம் வேறு, அன்பு வேறு. பக்கப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூகுள் டிரெண்ட்ஸ்: நாட்டுக்கும் பழைய காலத்துக்கும்

2015-க்கு முந்தைய காலத்தைப் பார்க்கவும், ஸ்பெயினை மட்டும் பிரித்துப் பார்க்கவும் இதுதான் வழி. தரவு 2004-இலிருந்து இருக்கிறது. பெயரைத் தட்டியதும் இரண்டு விதமான தேர்வுகள் வரும்: வெறும் தேடல் சொல், அல்லது ‘சைக்கிள் வீரர்’ என்ற விளக்கத்தோடு வரும் தலைப்பு. எப்போதும் இரண்டாவதை எடுங்கள். மீட்டரும் கணக்காளரும் அங்கே பெரும்பாலும் கழிந்துவிடுவார்கள். தலைப்பு கிடைக்காத வீரருக்குத் தேடல் சொல்லையே பயன்படுத்த வேண்டி வந்தால், குறியோடும் குறி இல்லாமலும் உள்ள வடிவங்களைக் கூட்டல் குறியால் இணையுங்கள். எழுத்து வேறுபாடுகளைக் கருவி தானாகச் சேர்த்துக்கொள்ளாது. ஒருவருக்குத் தலைப்பும் இன்னொருவருக்குச் சொல்லும் என்று கலந்து ஒப்பிடவே கூடாது.

இதில் வரும் 0 முதல் 100 வரையுள்ள எண் தேடல்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் தேர்ந்த காலத்தில், தேர்ந்த பெயர்களுக்குள், எது உச்சமோ அது 100. மற்றதெல்லாம் அதன் பங்கு. அதனால் கொன்டாடோரை 2004 முதல் போட்டால் 2009, 2012 போன்ற பந்தயக் காலத்து முனைகள் 100 பக்கம் நின்று, ஓய்வுக்குப் பிந்தைய காலம் தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும். ‘யாரும் தேடுவதில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2018 ஜனவரியிலிருந்து தனியே எடுத்தால் மேடு பள்ளம் தெரியும். காலம் ஒன்பது மாதத்துக்குள் இருந்தால் நாள்வாரியாகவும், ஐந்து ஆண்டு வரை வாரவாரியாகவும், அதற்கு மேல் மாதவாரியாகவும் எண் தரும். வரைபடத்தில் 2016, 2022 தொடக்கத்தில் தெரியும் குறிப்புகள் கூகுள் தன் சேகரிப்பு முறையை மாற்றிய இடங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி ஏறியதா இறங்கியதா என்று பேசுவது ஆபத்து.

எண்கள் மாதிரித் தரவிலிருந்து வருவதால், அதே கேள்விக்கு நாளை சற்று வேறு பதில் வரும். மவுசு குறைந்த வீரருக்கு இந்த ஆட்டம் இன்னும் அதிகம். வெவ்வேறு நாளில் ஐந்து முறை இறக்கிச் சராசரி எடுங்கள்.

பெரிய பெயரின் பக்கத்தில் சின்னப் பெயரை வைத்தால் சின்னது பூஜ்யமாகிவிடும். அதற்குப் படிக்கட்டு முறை. கொன்டாடோரையும் டெல்காடோவையும் ஒப்பிட்டு விகிதம் எடுங்கள்; பிறகு டெல்காடோவையும் சாஸ்த்ரேயையும். முதலாவது 6-க்கு 1, இரண்டாவது 2-க்கு 1 என்று வந்தால் (இவை விளக்கத்துக்கான எண்கள் மட்டுமே), கொன்டாடோருக்கும் சாஸ்த்ரேக்கும் 12-க்கு 1.

ஸ்பெயினின் மாகாண வரைபடத்தைப் படிக்கும்போது, அதுவும் பங்குதான் என்பது நினைவில் இருக்கட்டும். இந்துரைன் நவாராவின் வில்யாவா ஊர்க்காரர், வால்வெர்தே முர்சியாக்காரர். நவாராவோ முர்சியாவோ 100 என்று நின்றால், அங்கே நடக்கும் மொத்தத் தேடலில் அவர் பெயரின் பங்கு அதிகம் என்று பொருள். மாட்ரிட்டைவிட அதிகம் பேர் தேடினார்கள் என்பதல்ல.

யூடியூப்: இரண்டு முறை எண்ண வேண்டும்

ஓய்வு பெற்றவரின் மவுசு பெரும்பாலும் அவருடைய சொந்தச் சேனலில் இல்லை. ஒளிபரப்பு நிறுவனங்களும் ரசிகர்களும் ஏற்றிய பழைய காட்சிகளில் இருக்கிறது. முழுப் பெயரோடு பந்தய இடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். கொன்டாடோர் என்றால் ஃபுவெந்தே தே 2012, ஆங்லிரு 2017. முதலாவது, ஹோவாக்கிம் ரோட்ரிகெஸிடமிருந்து தலைமைச் சட்டையைப் பறித்த நாள். இரண்டாவது, ஓய்வுக்கு முந்தைய நாள் வென்றது. இருபது வீடியோக்களைப் பட்டியலிட்டு, ஏற்றிய தேதி, சேனல், நீளம், இன்றைய பார்வை எல்லாம் குறியுங்கள். சரியாக 30 நாள் கழித்து அதே இருபதையும் திறந்து பார்வையை மட்டும் மறுபடி குறியுங்கள்.

வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது. பத்தாண்டாகச் சேர்ந்த மொத்தம் எதுவும் சொல்லாது. இந்த மாதம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது சொல்லும். 30 நாளும் பந்தயமில்லாத காலத்தில் விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஏதாவது வீடியோ உரிமைப் பிரச்சினையால் நீக்கப்பட்டிருக்கும். அதைப் பூஜ்யமாகப் போடாமல் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஷார்ட்ஸைத் தனித் தாளில் வையுங்கள். 2025 மார்ச் 31 முதல் அவை ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வையாக எண்ணப்படுகின்றன. நீள வீடியோவோடு கூட்டினால் புளியும் பாலும் கலந்த கதைதான்.

சமூக ஊடகம்: கடைசியாக, சந்தேகத்தோடு

இன்ஸ்டாகிராமில் சரிபார்க்கப்பட்ட கணக்குதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ரசிகர் கணக்குகள் ஏராளம். கடைசி ஏழு நாள் பதிவுகளை விட்டுவிடுங்கள், அவற்றின் எண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய 30 பதிவுகளில் பரிசுப் போட்டிகளையும் வேறு கணக்கோடு சேர்ந்து போட்ட கூட்டுப் பதிவுகளையும் நீக்குங்கள். கூட்டுப் பதிவுக்கு இரு தரப்பு ரசிகர்களும் லைக் போடுவார்கள். எது யாருடையது என்று பிரிக்க முடியாது. மிச்சத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் லைக்கையும் கமென்ட்டையும் கூட்டி, மீடியன் எடுத்து, ஃபாலோயர் எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். லைக் எண்ணிக்கையை மறைத்து வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு போட முடியாது. கமென்ட்டை மட்டும் வைத்து ஒப்பேற்றவும் வேண்டாம்.

இந்த எண்ணில் இந்துரைனைச் சேர்க்காதீர்கள். அவர் ஓய்வு பெற்றபோது ஃபேஸ்புக் பிறக்க இன்னும் ஏழு ஆண்டு இருந்தது. பந்தயம் ஓடிக்கொண்டிருந்தபோதே ஃபாலோயர் சேர்த்த கொன்டாடோரோடும் வால்வெர்தேயோடும் அவரை அங்கே நிறுத்துவது நியாயமில்லை.

எக்ஸில் பழைய வழிகாட்டிகளை நம்பிப் போனால் முட்டுச்சந்துதான். ஏபிஐ வழியே (நிரல் கொண்டு தரவு எடுக்கும் வழி) பதிவுகளை இலவசமாக எடுக்கும் வசதி 2023-இல் நின்றது. யார் லைக் போட்டார் என்பது 2024 ஜூன் முதல் பிறருக்குத் தெரியாது. ஃபேஸ்புக்குக்குப் பயன்பட்ட கிரவுட்டேங்கிள் என்ற அளவீட்டுக் கருவி 2024 ஆகஸ்ட் 14-இல் மூடப்பட்டது.

எழுதிவைக்கும் விதம்

நான்கு அளவுகளையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள்; எதற்கு எத்தனை எடை என்பதை நீங்களே கற்பனை செய்ய வேண்டியிருக்கும், அந்தக் கற்பனைதான் முடிவைத் தீர்மானிக்கும். வீரருக்கு ஒரு வரி, அளவுக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் தர வரிசை. இந்துரைன் விக்கிப்பீடியாவில் மேலே, இன்ஸ்டாகிராமில் காலி என்று வந்தால் அப்படியே விடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எடுத்த தேதி, கருவி, முகவர் வகை, நாடு அல்லது மொழி, காலத்தின் இரு முனைகள் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். விக்கிமீடியாவின் நாள்கள் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரப்படி எண்ணப்படுகின்றன. ஸ்பெயினில் கோடையில் அது இரண்டு மணி நேரம் பின்னால். அங்கே நள்ளிரவு தாண்டி வந்த செய்தியின் முனை முந்தைய தேதியில் விழுந்து கிடந்தால், காரணம் தேடி அலையும் முன் இதைப் பாருங்கள்.